கூடினால் ஒளிரும் மூலக்கூறுகள்: காய்ந்துபோன ஒரு பொட்டின் வரலாறு



போன மாதம் எக்ஸ்-ரே கண்டுபிடிப்பு பற்றி எழுதியிருந்தேன். அதற்குக் கீழே நம் பழைய மாணவி ஒருத்தி ஒரு கேள்வி கேட்டிருந்தாள். அவள் இப்போது காசநோய்ப் பரிசோதனை செய்யும் ஓர் ஆய்வகத்தில் லேப் டெக்னீஷியன். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"டீச்சர், சளி மாதிரியில ஆரமைன்னு ஒரு மஞ்சள் சாயம் ஊத்துறோம். பாட்டில்ல இருக்கிற சாயத்த நீல வெளிச்சத்துல காட்டினா பெருசா ஒண்ணும் மின்னாது. ஆனா கிருமி மேல ஒட்டினதுக்கு அப்புறம் நுண்ணோக்கியில பார்த்தா இருட்டுல நட்சத்திரம் மாதிரி மின்னுது. ஒரே சாயம்தானே டீச்சர், ஏன் இப்படி?"

இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் நூற்றைம்பது வருஷக் கதை இருக்கிறது. அதில் பலர் கண்ணால் பார்த்தும் கடந்துபோன ஒரு விஷயம் இருக்கிறது. 2001-இல் ஹாங்காங்கில் ஒரு மாணவர் "இது சரியாக வரவில்லையே" என்று சொன்ன ஒரு சோதனையும் இருக்கிறது. அதனால் பதிவு நீளமாகிவிட்டது. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

முதலில் ஒளிர்தல் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பல்பு எரிவது சூட்டினால். மின்மினிப்பூச்சி மின்னுவது அதன் உடம்பில் நடக்கும் வேதிவினையால். நான் இங்கே சொல்வது இரண்டும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையோ நீல ஒளியையோ ஒரு பொருள் விழுங்கிவிட்டு, வேறு நிறத்தில் திருப்பிக் கொடுப்பது. ரூபாய் நோட்டை ஊதா விளக்கின் கீழ் காட்டினால் எண்களும் சின்னச் சின்ன இழைகளும் பளிச்சென்று தெரிகின்றனவே, அதுதான்.

இதற்குப் பெயர் வைத்தவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ். அயர்லாந்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்தவர். சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரித்து, குயினைன் கரைசல் உள்ள குழாயை ஒவ்வொரு நிறத்திலும் பிடித்துக்கொண்டே போனார். ஆமாம், மலேரியாவுக்குக் கொடுத்த அதே கசப்பு மருந்துதான். சிவப்பில் ஒன்றுமில்லை, பச்சையில் ஒன்றுமில்லை. ஊதாவையும் தாண்டி, கண்ணுக்கு வெறும் இருட்டாகத் தெரியும் இடத்துக்கு வந்ததும் கரைசல் நீலமாக ஒளிர்ந்தது. 1852-இல் இதை எழுதியபோது ஃபுளோரஸ்பார் என்ற கனிமத்தின் பெயரிலிருந்து 'ஃபுளோரசன்ஸ்' என்ற சொல்லை உண்டாக்கினார்.

அடுத்த வருஷமே, 1853-இல், ஸ்டோக்ஸ் இன்னொன்றையும் கவனித்தார். பிளாட்டினோசயனைடு என்ற உப்பு வகை படிகமாக இருக்கும்போது அருமையாக ஒளிர்கிறது. தண்ணீரில் கரைத்தால் ஒளி போய்விடுகிறது, பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. குயினைன் கரைசலில் ஒளிரும். இதுவோ கட்டியாக இருந்தால்தான் ஒளிரும். எழுதி வைத்தார், அவ்வளவுதான். ஏன் என்று சொல்ல அந்தக் காலத்தில் கருவியும் இல்லை, கோட்பாடும் இல்லை. அணு என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா என்றே சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

போன மாதப் பதிவைப் படித்தவர்களுக்கு இந்த உப்பின் பெயர் எங்கோ கேட்டதுபோல இருக்கும். 1895 நவம்பர் 8 அன்று மாலை, ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ரான்ட்ஜென் இருட்டு அறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது, தள்ளி வைத்திருந்த ஒரு திரை திடீரென்று மினுங்கியதல்லவா? அந்தத் திரையில் பூசியிருந்தது பேரியம் பிளாட்டினோசயனைடு. எக்ஸ்-ரேயை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்ததே, கூட்டமாகச் சேர்ந்தால் மட்டும் ஒளிரும் ஒரு பொருள்தான். கரைசலாக ஒரு புட்டியில் இருந்திருந்தால் அன்றைக்கு ரான்ட்ஜென் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டார்.

இருந்தும் விதி வேறு மாதிரிதான் எழுதப்பட்டது. காரணம், அதற்குப் பிறகு வந்த சாயங்கள்.

1871-இல் அடால்ஃப் வான் பேயர் ஃபுளோரசீன் என்ற சாயத்தைத் தயாரித்தார். கண் டாக்டரிடம் போனால், கண்ணில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க மஞ்சள் காகிதப் பட்டையை இமைக்குள் தொட்டுவிட்டு நீல விளக்கு அடிப்பார்களே, அந்தச் சாயம். இது எவ்வளவு நீர்த்துப் போனாலும் ஒளிரும். 1877-இல் டான்யூப் ஆறு மண்ணுக்குள் மறையும் ஓரிடத்தில் சுமார் 10 கிலோ சாயத்தைக் கொட்டினார்கள். ஏறக்குறைய 60 மணி நேரம் கழித்து, ஆஃக் என்ற வேறொரு ஊற்றில் தண்ணீர் பச்சையாக மின்னிக்கொண்டு வெளியே வந்தது. டான்யூப் கருங்கடலுக்குப் போகிற ஆறு. ஆஃக் ஊற்றுத் தண்ணீர் ரைனில் சேர்ந்து வடகடலுக்குப் போகிறது. ஒரு ஆறு தன் தண்ணீரை நிலத்தடியில் இன்னொரு ஆற்றுக்குக் கொடுப்பதை ஒரு சாயம் நிரூபித்தது! சமூக அறிவியல் பாடத்தில் இதையெல்லாம் சேர்த்தால் பிள்ளைகள் தூங்கவே மாட்டார்கள்.

ஆனால் அதே ஃபுளோரசீனை மிக அடர்த்தியாகக் கரைத்தால் ஒளி மங்கிவிடும். பெரும்பாலான சாயங்கள் இப்படித்தான். 1954-இல் ஸ்டுட்கார்ட்டில் தியோடர் ஃபோர்ஸ்டரும் காஸ்பர் என்பவரும் பைரீன் என்ற பொருளை வைத்து இதற்குத் தெளிவான விளக்கம் கொடுத்தார்கள். பைரீன் மூலக்கூறு தட்டையானது. நெருக்கமாகச் சேர்ந்தால் அப்பளக் கட்டுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்துகொள்ளும். ஒளியை விழுங்கிய ஒன்று பக்கத்தில் சும்மா இருக்கிற ஒன்றோடு ஜோடி சேர்ந்துவிடும். தனியாக இருந்தபோது கொடுத்த ஒளி அடங்கிப்போகும், நிறமும் மாறும். பல சாயங்களில் ஒளியே போய்விடும்.

அதன் பிறகு பாடப்புத்தகங்களில் இது சட்டம் மாதிரி ஆகிவிட்டது: கூட்டம் சேர்ந்தால் ஒளி அணையும். சாயம் வேண்டுமா, நீர்க்கச் செய்து பயன்படுத்து.

இந்தச் சட்டத்தால் தொல்லைப்பட்டவர்கள் திரை செய்கிறவர்கள். 1987-இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இருவர், கரிமப் பொருளின் மெல்லிய படலத்தில் மின்சாரம் செலுத்தி ஒளி வரவைத்தார்கள். இன்று உங்கள் கையில் இருக்கும் விலை உயர்ந்த போன்களின் ஓஎல்இடி திரைக்கு அதுதான் தொடக்கம். ஆனால் படலம் என்றாலே மூலக்கூறுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் நிலை. கரைசலில் பிரமாதமாக ஒளிர்ந்த சாயம் படலத்தில் சோர்ந்துபோகும். அதனால் வேறொரு பொருளில் சாயத்தை உப்பு போடுகிற மாதிரி கொஞ்சமாகக் கலந்து, ஒன்றையொன்று தொடாமல் பிரித்து வைத்தார்கள். கூட்டத்தைக் கலைப்பதே வேலையாகிவிட்டது.

இனி ஹாங்காங்.

அங்கே கிளியர்வாட்டர் பே என்ற கடலோரத்தில் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1991-இல் தொடங்கியது. அதில் 1994-இல் சேர்ந்தவர் டாங் பென்சோங். சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் 1957-இல் பிறந்தவர். ஜப்பானில் கியோட்டோவில் முனைவர் பட்டம், பிறகு கனடாவில் டொராண்டோவில் ஆராய்ச்சி. (மேலே சொன்ன கோடாக் டாங் வேறு, இவர் வேறு. அவரும் ஹாங்காங்கில் பிறந்தவர்தான் என்பதால் பலர் குழம்புகிறார்கள்.)

இவருடைய குழு சிலோல் என்ற வகை மூலக்கூறுகளைச் செய்துகொண்டிருந்தது. நான்கு கார்பனும் ஒரு சிலிக்கானும் சேர்ந்த ஐந்து மூலை வளையம் நடுவில். அதைச் சுற்றி ஐந்து பென்சீன் வளையங்கள். இப்படி ஒன்றைச் செய்ததும் அது சுத்தமாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. எட்டாம் வகுப்பில் சாக்பீஸில் இங்க் சொட்டு வைத்து, தண்ணீரில் நிறுத்தி, நிறம் பிரிந்து மேலே ஏறுவதைப் பார்த்தீர்களே, நினைவிருக்கிறதா? அதையே மெல்லிய பூச்சுள்ள ஒரு தட்டில் செய்வார்கள். பொட்டு வைத்துவிட்டு, புற ஊதா விளக்கில் காட்டினால் பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

மாணவர் பொட்டு வைத்தார். விளக்கில் காட்டினார். ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் போனது. கரைப்பான் ஆவியாகிப் பொட்டு காய்ந்தது. இப்போது அதே இடம் பளிச்சென்று ஒளிர்ந்தது.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பாடப்புத்தகம் சொல்வதற்கு நேர் தலைகீழாக நடந்திருக்கிறது. கரைசலாக, நீர்த்து இருக்கும்போது ஒளிர வேண்டும். காய்ந்து கட்டியானால் மங்க வேண்டும். இப்படி ஒரு முடிவைப் பிராக்டிகல் நோட்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். "பக்கத்துப் பையன் எழுதியதைப் பார்த்துத் திருத்திக் கொண்டு வா" என்பார்கள். விடை இதுதான் என்று முன்பே தெரிந்து செய்கிற சோதனைகளிலேயே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். அந்த மாணவரும் "விளக்கு சரியில்லை" என்று சொல்லி நகர்ந்திருக்கலாம். ஆசிரியரும் "சாயத்தில் அழுக்கு இருக்கும், மறுபடி செய்" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அவர்கள் அதை நம்பினார்கள். நம்பிவிட்டு அளக்கத் தொடங்கினார்கள்.

அளந்த விதமும் அழகானது. சிலோலை எத்தனாலில் கரைத்தார்கள். அதில் அது நன்றாகக் கரையும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்தார்கள். தண்ணீர் அதற்கு ஆகாது. மோரில் எண்ணெய்ச் சொட்டு விட்டால் ஒதுங்கிச் சேருமே, அதுபோல மூலக்கூறுகள் ஒன்றையொன்று தேடிப்பிடித்துக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் திரளாகச் சேர்ந்துகொள்ளும். வெறும் எத்தனாலில், விழுங்கிய ஒளித்துகள்கள் 10,000 என்றால் ஆறோ ஏழோதான் ஒளியாகத் திரும்பி வந்தன. தண்ணீர் 90 சதவீதம் ஆனபோது 2,100 திரும்பி வந்தன. 300 மடங்குக்கும் மேல்! 2001-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 'திரளால் தூண்டப்படும் ஒளிர்வு' என்ற பொருளில் பெயரும் வைத்தார்கள். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஏ.ஐ.இ. என்பார்கள்.

ஏன் அப்படி? ஒளியை விழுங்கிய மூலக்கூறு, முதல் தேதி சம்பளம் வாங்கினவன் மாதிரி. கையில் வைத்திருக்க முடியாது. ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரத்துக்குள் அந்த ஆற்றலைச் செலவழித்தாக வேண்டும். இரண்டு வழி உண்டு. ஒளியாக வெளியிடலாம், அல்லது கைகாலை ஆட்டி அதிர்வாக, வெப்பமாகக் கரைத்துவிடலாம். சிலோலைச் சுற்றியிருக்கும் பென்சீன் வளையங்கள் ஒற்றைப் பிணைப்பில் தொங்குபவை. மின்விசிறி இறக்கைபோல ஆடும், திரும்பும். கரைசலில் தனியாக இருக்கும்போது தாராளமாக இடம் இருக்கிறது. வந்த சம்பளம் எல்லாம் ஆட்டத்திலேயே போய்விடும். கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டால் இறக்கை அசைய முடியாது. ஆட முடியாவிட்டால் மிச்சம் இருக்கிற வழி ஒளிதான்.

சரி, கூட்டமாகச் சேர்ந்தால் பைரீன் மாதிரி அடுக்கிக்கொண்டு அணைந்துபோகாதா? போகாது. அப்பளத்தை அடுக்கலாம், இறக்கையோடு இருக்கிற மின்விசிறிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியுமா? இறக்கைகள் முறுக்கிக்கொண்டு நிற்பதால் ஒன்றையொன்று இடித்துப் பிடித்துக்கொள்ளுமே தவிர, முகத்தோடு முகம் படியாது. ஆட்டம் நிற்கிறது, அடுக்கும் விழவில்லை. இரண்டும் சேர்ந்து நடந்ததுதான் அந்த மூலக்கூறின் அதிர்ஷ்டம்.

இது வெறும் கற்பனையா என்று சோதித்தும் பார்த்தார்கள். திரள விடாமல், ஆட்டத்தை மட்டும் வேறு வழியில் நிறுத்தினால் ஒளி வர வேண்டுமே? கரைசலைக் கடுமையாகக் குளிரவைத்தார்கள், ஒளி கூடியது. மருந்துக்கடையில் கிடைக்கிற கிளிசரினைச் சேர்த்துக் கரைசலைக் கெட்டியாக்கினார்கள்; கூடியது. பிறகு 2005-இல், பென்சீன் வளையங்களில் பருமனான ஒரு தொங்கலை மாட்டி மூலக்கூறுக்கு உள்ளேயே அசைய இடமில்லாமல் செய்தார்கள். அது தனியாகக் கரைசலில் இருக்கும்போதே பிரகாசமாக ஒளிர்ந்தது. காரணம் கூட்டம் அல்ல, அசைவு நின்றதுதான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இதைப் படிக்கிற வேதியியல் பட்டதாரிப் பிள்ளைகள் சண்டைக்கு வருவீர்கள், தெரியும். "இது டாங் கண்டுபிடித்ததா? முன்பே இருந்ததுதானே?" நியாயமான கேள்வி. ஸ்டோக்ஸ் 1853-இல் பார்த்ததை மேலேயே சொல்லிவிட்டேன் (அங்கே நடப்பது வேறு, படிகத்தில் பிளாட்டினம் அணுக்கள் வரிசையாக நெருங்கி நிற்பதால் வரும் ஒளி அது). 1936-இல் லண்டனுக்குப் பக்கத்தில் கோடாக் ஆய்வகத்தில் ஜெல்லி என்பவரும், ஜெர்மனியில் ஷைப என்பவரும், போட்டோ பிலிமுக்கான ஒரு சாயம் அடர்த்தியானதும் அணைவதற்குப் பதிலாகக் கூர்மையாக ஒளிர்வதைப் பார்த்தார்கள். கொரியாவில் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் பார்க் சூ யங் குழு 2002-இல் வேறொரு மூலக்கூறில் இதேபோன்ற ஒன்றை வெளியிட்டது.

என் கணக்கு இப்படி. முன்னால் பார்த்தவர்கள் எல்லாரும் அதை விதிவிலக்காகப் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சாயம், ஒரு விசித்திரம், ஒரு கட்டுரை. டாங் குழு அதைப் பெயர் வைத்து, காரணம் கண்டு, "இப்படி வேண்டும் என்றே மூலக்கூறு செய்யலாம்" என்று திருப்பிப் போட்டது. அதனால் பெயர் அவருக்குப் போவது சரிதான். ஆனால் முதலில் பார்த்தவர் என்று எழுதுகிற பத்திரிகைகளை நம்பாதீர்கள்.

முன்னால் பார்த்தவர்களில் ஒருவரை வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தேன். நம் மாணவியின் பதில் அங்கேதான் இருக்கிறது.

1956-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஜெரால்ட் ஆஸ்டர், நிஷிஜிமா என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். எடுத்துக்கொண்ட சாயம் ஆரமைன்! உன் பாட்டிலில் இருக்கிற அதே சாயம்தான் கண்ணு. தண்ணீர்போல ஓடுகிற திரவத்தில் அது ஒளிர்வதில்லை. கிளிசரின்போலக் கெட்டியான திரவத்தில் ஒளிர்கிறது. மூலக்கூறின் உள் சுழற்சிதான் காரணம் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். ஆரமைனில் நடுவில் ஒரு கார்பன். இரண்டு பக்கமும் இரண்டு பென்சீன் வளையங்கள், கதவுபோலத் திரும்பும். பாட்டிலில் கதவுகள் ஆடிக்கொண்டே இருக்கின்றன. காசநோய்க் கிருமியின் சுவர் மெழுகுபோன்ற கொழுப்பால் ஆனது. அதில் போய் ஆரமைன் சிக்கிக்கொண்டால் கதவு ஆட முடியாது. ஒளிர்கிறது. அமிலம் கலந்த ஆல்கஹாலால் கழுவுகிறாயே, அது மற்ற இடத்துச் சாயத்தை எடுத்துவிடும்; மெழுகுச் சுவரில் சிக்கியதை எடுக்க முடியாது. கடைசியில் போடுகிற பெர்மாங்கனேட் பின்னணியை இருட்டாக்கும். அதனால்தான் உனக்கு இருட்டில் நட்சத்திரமாகத் தெரிகிறது. ஹாங்காங் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துகின்றன. உன் சாயத்தைக் கிருமி பிடித்து நிறுத்துகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் வேடிக்கை, ஆரமைனைக் காசநோய்க்குப் பயன்படுத்தும் முறை 1930-களின் இறுதியிலேயே ஜெர்மனியில் வந்துவிட்டது. ஏன் ஒளிர்கிறது என்று தெரியாமலேயே பயன்படுத்தினார்கள். பழைய சிவப்புச் சாய முறையில் நுண்ணோக்கியின் மிக உயர்ந்த உருப்பெருக்கத்தில், எண்ணெய்ச் சொட்டு வைத்து, அங்குலம் அங்குலமாகத் தேட வேண்டும். ஒளிரும் கிருமி குறைந்த உருப்பெருக்கத்திலேயே கண்ணில் பட்டுவிடும். ஒரே பார்வையில் அதிக இடத்தைப் பார்த்துவிடலாம். ஆனால் அதற்கு இருட்டறையும் விலை உயர்ந்த பாதரச விளக்கும் தேவைப்பட்டன. எல்.இ.டி. விளக்கு வந்த பிறகுதான் சின்ன ஊர் ஆய்வகங்களுக்கும் இது வந்தது. 2011-இல் உலக சுகாதார நிறுவனம் எல்.இ.டி. நுண்ணோக்கியைப் பரிந்துரைத்தது.

ஆஸ்டர் கட்டுரை வந்த அதே 1956-இல்தான் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. அங்கே நடந்த ஆய்வுதான், காசநோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்கவைக்க வேண்டியதில்லை, வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று 1959-இல் உலகத்துக்குக் காட்டியது. அதைத் தனிப் பதிவாக எழுத வேண்டும். இங்கே நுழைத்தால் வண்டி தடம் மாறிவிடும்.

இயற்கையும் இந்த வித்தையை முன்பே தெரிந்து வைத்திருக்கிறது. ஒரு ஜெல்லி மீனின் பச்சை ஒளிர் புரதத்தை ஒசாமு ஷிமோமுரா 1962-இல் பதிவு செய்தார். 2008-இல் மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் இருவரோடு நோபல் பரிசு பெற்றார். அந்தப் புரதம் ஒரு பீப்பாய். ஒளிர்கிற பகுதி அதன் நடுவில் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பகுதியை மட்டும் வெளியே எடுத்துக் கரைசலில் போட்டால் சாதாரண வெப்பநிலையில் ஒளிராது. உறையவைத்தால் ஒளிரும். சிலோல் கதையேதான்.

பயன்களுக்கு வருவோம். சிலோலைச் செய்வது சிரமம் என்பதால், ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் டெட்ராபினைல்எத்திலீன் என்ற மூலக்கூறைப் பிடித்துக்கொண்டார்கள். பெயர்தான் நீளம். இரட்டைப் பிணைப்பால் இணைந்த இரண்டு கார்பன்கள், நாலு மூலையிலும் நாலு பென்சீன் இறக்கைகள். செய்வது சுலபம், வேண்டியதை இறக்கையில் ஒட்டவைத்துக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது கைரேகை. சீனாவில் 2012-இல் வெளியான வேலை இது. இந்த மூலக்கூறு கலந்த நீர்க்கலவையில் ரேகை பட்ட பொருளை முக்குகிறார்கள். விரல் தொட்ட இடத்தில் வரிவரியாக எண்ணெய்ப் பசை இருக்கும். தண்ணீர் பிடிக்காத மூலக்கூறுகள் அந்தப் பசையில் போய்ச் சேரும், சேர்ந்ததும் ஒளிரும். சேராத இடம் இருட்டு. ரேகை மட்டும் தனியாகத் தெரியும். பழைய சாயம் என்றால் திரவம் முழுவதும் ஒளிர்ந்து ரேகையை மறைத்துவிடும். வேண்டிய இடத்தில் மட்டும் விளக்கு எரிவது என்பதுதான் இந்த மூலக்கூறுகளின் முழுப் பெருமையும்.

இதே யோசனையில், மீன் கெட்டுப்போனால் வருகிற அமீன் ஆவி பட்டதும் ஒளிரும் காகிதத் துண்டு செய்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பெண்களின் மூக்கை மிஞ்சுமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் ஐஸ் பெட்டிக்குள் மூடி அனுப்பும் சரக்குக்கு உதவும்.

உயிரணுவுக்குள் பார்க்கிற வேலை இதைவிடக் கனமானது. ஒரு புற்றுநோய் உயிரணு உடம்பில் எங்கே போகிறது என்று பல நாள் தொடர்ந்து பார்க்க வேண்டுமானால், நிறையச் சாயத்தை ஒரு நுண்துகளுக்குள் அடைத்து உள்ளே அனுப்ப வேண்டும். உயிரணு இரண்டாக, நான்காகப் பிரியும்போது சாயமும் பங்காகிக் குறைந்துகொண்டே போகும் என்பதால் முதலிலேயே நிறைய வேண்டும். ஆனால் பழைய சாயத்தை அடைக்க அடைக்க அது அணைந்துபோகும்! இங்கே ஏ.ஐ.இ. மூலக்கூறுகளை எவ்வளவு அடைக்கிறோமோ அவ்வளவு வெளிச்சம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் லியூ பின் குழுவும் டாங் குழுவும் சேர்ந்து இப்படிப்பட்ட துகள்களைச் செய்து, உயிரணுக்கள் பல தலைமுறை பிரிந்த பிறகும் பின்தொடர்ந்து காட்டினார்கள். இதற்கு முன்பு பயன்பட்ட குவாண்டம் புள்ளிகள் பலவற்றில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தது. இவற்றில் அது இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குடும்பக் குழுவில் இதைப் பார்த்ததும் "புற்றுநோய்க்கு மருந்து வந்துவிட்டது" என்று யாராவது பரப்பிவிடுவீர்கள். ஒளி பட்டால் புற்று உயிரணுவைக் கொல்லும் வகை ஏ.ஐ.இ. மூலக்கூறுகளும் உண்டு. அதெல்லாம் பெரும்பாலும் ஆய்வகத் தட்டிலும் எலியிலும் நடந்த வேலை. டாக்டர் சொல்கிற சிகிச்சையை யாரும் நிறுத்த வேண்டாம்.

சீன அரசு இயற்கை அறிவியலுக்கான தன் உயர்ந்த விருதின் முதல் நிலையை 2017-ஆம் ஆண்டுக்கு டாங் குழுவுக்குக் கொடுத்தது. 2020-இல் உலக வேதியியல் ஒன்றியமான ஐயுபேக், வளர்ந்துவரும் பத்துத் தொழில்நுட்பங்களில் ஒன்றாக இதைச் சேர்த்தது. டாங் இப்போது ஷென்செனில் இருக்கிறார்.

கடைசியாக ஒன்று. இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. 2013-இல் டாங் குழுவினர் மாவுச்சத்து, செல்லுலோஸ், அரிசி போன்றவற்றைப் புற ஊதா ஒளியில் வைத்துப் பார்த்தார்கள். இவற்றில் பென்சீன் வளையமே கிடையாது. புத்தகப்படி ஒளிரவே கூடாது. ஆனால் திண்மமாக இருக்கும்போது மெல்லியதாக ஒளிர்கின்றன. விளக்கை அணைத்த பிறகும் கண நேரம் நிற்கிறது. ஆக்சிஜன் அணுக்கள் கொத்தாக நெருங்குவதால்தான் இந்த ஒளி என்கிறார்கள். இதில் இன்னும் விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

இதைப் படித்ததும் ஊதா டார்ச் வாங்கி அரிசி டப்பாவுக்குள் அடிக்கப் போகிறீர்கள் என்று தெரியும். ஒளி மிக மெல்லியது. முழு இருட்டு வேண்டும், கண் பழகவும் நேரம் கொடுக்க வேண்டும். டார்ச்சைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். வெள்ளை வேட்டியும் சட்டையும் நீலமாகப் பளபளத்தால் ஏமாந்துவிட வேண்டாம். அது பருத்தியின் ஒளி அல்ல, சலவைத்தூளில் கலந்திருக்கும் வெண்மையூட்டிச் சாயம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்